அகத்தியமலையில் அசைந்த காந்த ஊசி

நெய்யாறு பாயும் வட்டாரத்தில், காரோட்டிலும் பாறசாலையிலும் குடியேறி வாழும் நாம், அந்நதி பிறக்கும் அகத்தியமலையை நன்கறிவோம். முனிவர் பெயரால் விளங்கும் அம்மலையில் விஞ்ஞானமும் ஒருகாலத்தில் தவமிருந்தது என்பதை நம்மவருள் பலர் கேள்வியுற்றிலர்.

1837இல் சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். 1852இல் அதன் தலைமையேற்ற ஜான் ஆலன் புரூன், 1855இல் அகத்தியமலை உச்சியருகே மற்றொரு நிலையம் கண்டார். சுமையாட்கள் காட்டு வழியே கருவிகளைச் சுமந்தேறினர். காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகள் அங்கே குறிக்கப்பெற்றன. பூமியின் காந்த விசை நாளுக்கு நாள் அடையும் மாறுதல், உலகின் பல பாகங்களிலும் ஒருங்கே நிகழ்வதைப் புரூன் கண்டறிந்தார்.

ஊசி நம் மலையில் அசைகிறது. காரணமோ விண்ணில் உள்ளது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் சூரியனிலிருந்து காற்றைப்போல் ஓயாது வீசுகின்றன. இத்துகள் திரளைப் பிளாஸ்மா என்பர். அக்காற்று பூமியின் காந்தப் புலத்தை இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாக இழுக்கிறது. வளைத்த வில்லிற்போல் வாலில் ஆற்றல் சேர்கிறது. நாண் விடுபட்டதும் துகள்கள் பூமியை நோக்கிப் பாய்கின்றன. துருவ வானில் ஒளித்திரை ஆடுகிறது. காந்த ஊசி நடுங்குகிறது. இதுவே காந்தத் துணைப்புயல்.

இருப்புப்பாதை அலுவலில் உள்ள நாம் கேட்பதானால், இதற்குப் பச்சைக்கொடி காட்டுவது யார்? பூமிக்குச் சற்று அருகே பிளாஸ்மாவில் எழும் அலைகளே என்றனர் ஒரு சாரார். அப்பால் தொலைவில் காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதே என்றனர் மற்றொரு சாரார். 2007இல் அமெரிக்கா ஏவிய தெமிஸ் என்னும் 5 செயற்கைக் கோள்கள், 2008 பிப்ரவரி 26 அன்று எழுந்த ஒரு துணைப்புயலில் கோடுகளின் இணைப்பே முந்தியது எனக் காட்டின. அவ்விடம் சந்திரனுக்குள்ள தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எனினும் அலைகளின் பங்கு குறித்த ஆராய்ச்சி ஓயவில்லை.

இதனால் நமக்கென்ன என்று எண்ணற்க. 1859இல் எழுந்த பெரும் காந்தப் புயலில் தந்திக் கம்பிகளில் மின்சாரம் தானே பாய்ந்தது. பம்பாய்க் கொலாபா நிலையமும் அப்புயலைப் பதிவு செய்தது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

காந்த நடுக்கோடு அருகே சென்றமையாலேயே 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. தும்பாவும் அகத்தியமலையும் நமக்கு அண்மையில் உள்ளவை. வந்தேறிய ஊரில் நமக்கென ஒன்றுமில்லை என நம் பிள்ளைகள் மயங்காதபடி, இவ்வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.