ரணகளத்து வைத்தியனுக்கு ஊரில் என்ன வேலை?

யுத்தத்துக்குப் புறப்படும் வாலிபனுக்கு மாலை சூட்டி, மேளம் கொட்டி வழியனுப்ப எல்லாத் தேசங்களுக்கும் தெரியும். திரும்பி வந்தவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று கேட்டால்தான் எல்லாத் தேசங்களும் விழிக்கின்றன. துப்பாக்கி சுடக் கற்றவனுடைய வித்தை ஊரில் பயன்படாமற் போனால் அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அதே பட்டாளத்தில், உயிரை எடுக்காமல் உயிரைக் காப்பதற்கென்றே பழக்கப்பட்டவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய வித்தையும் ஊருக்கு வந்ததும் துருப்பிடித்துப் போவதென்றால், அந்த நஷ்டம் அவனுக்கு மட்டுமா? நோயாளிகளுக்கும் அல்லவா?

இந்தக் கேள்வியை அமெரிக்க தேசம் 1960-களில் எதிர்நோக்க வேண்டி வந்தது. அதற்குக் கிடைத்த விடையிலிருந்து ஒரு புதிய உத்தியோகமே பிறந்தது. அந்த வரலாறு நாமும் தெரிந்துகொள்ளத் தக்கது.

கரண்டியும் தேயிலை வடிகட்டியும்

பட்டாளத்து வைத்திய உதவியாளன் என்றால் கட்டுக் கட்டுகிறவன், மாத்திரை கொடுக்கிறவன் என்று நேயர்கள் நினைத்துக்கொள்ளக் கூடும். அந்த எண்ணத்தைப் போக்க ஒரு சம்பவம் போதும்.

1942-ம் வருஷம் செப்டம்பர் மாதம். ஜப்பானியக் கடற்படை நடமாடிக்கொண்டிருந்த தென் சீனக் கடலில், ‘ஸீ டிராகன்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதில் ஒரு மாலுமிக்குக் குடல்வால் வீங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. கப்பலில் டாக்டர் கிடையாது. இருந்தவர் வீலர் லைப்ஸ் என்ற இளைஞர். கடற்படையின் மருந்து உதவியாளர். ஆபரேஷன் நடப்பதைப் பார்த்திருக்கிறாரே ஒழிய, தம் கையால் செய்தறியாதவர்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? உத்தியோகஸ்தர்கள் சாப்பிடும் மேஜைமேல் நோயாளியைப் படுக்க வைத்தார். கரண்டிகளை வளைத்து, அறுத்த இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவிகளாக்கிக்கொண்டார். தேயிலை வடிகட்டியைக் கொண்டு மயக்க மருந்து கொடுக்கச் செய்தார். கடலுக்கடியில் ஆபரேஷன் நடந்து முடிந்தது, மாலுமி பிழைத்தான்! இந்தச் செய்தியை எழுதிய பத்திரிகை நிருபருக்கு மறு வருஷமே புலிட்ஸர் பரிசு கிடைத்தது. லைப்ஸுக்குக் கடற்படையின் பதக்கம் வந்து சேர்ந்ததோ 2005-ம் வருஷத்தில்.

லைப்ஸ் கடற்படையை விட்டபின் ஆஸ்பத்திரி நிர்வாகியாக உயர்ந்தார். ஆனால் அவரைப் போன்றவர்களில் அந்த பாக்கியம் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்? வியட்நாம் யுத்தத்தில் குண்டுமாரிக்கு நடுவே ஊர்ந்து சென்று, பீறிடும் ரத்தத்தை அடைத்து, மூச்சுக்கு வழி செய்து, நரம்பில் மருந்து ஏற்றிய கைகள், ஊருக்கு வந்ததும் வெறுங்கைகளாயின. பட்டாளத்தில் அவன் செய்த வேலைக்கு ஊரில் பெயரும் கிடையாது, சட்டமும் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால், நோயாளிப் படுக்கையைத் தள்ளும் வேலை காலியிருக்கிறது என்பார்கள்.

டாக்டர் ஸ்டெட் கண்ட வழி

வட கரோலினா மாகாணத்தில் டியூக் சர்வகலாசாலை இருக்கிறது. 1947 முதல் இருபது வருஷ காலம் அங்கே வைத்தியப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் டாக்டர் யூஜீன் ஸ்டெட். நாட்டுப்புறங்களில் டாக்டர்கள் போதவில்லை. இருக்கிற டாக்டர்களுக்கோ மூச்சு விட நேரமில்லை. இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

முதலில், அனுபவமுள்ள நர்ஸுகளுக்கு மேற்பயிற்சி கொடுக்க முயன்றார். தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்ஸ் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். ஆனால் அந்நாட்டு நர்ஸிங் கல்விச் சங்கம் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது.

இதற்கிடையில் அவர் கண்ணில் பட்டது கார்லண்ட் என்ற சிற்றூர். அங்கே ஆமோஸ் ஜான்ஸன் என்னும் டாக்டர், பட்டி ட்ரெட்வெல் என்ற நீக்ரோ இனத்தவர் ஒருவரைத் தாமே பழக்கி உதவிக்கு வைத்திருந்தார். நம் ஊர்களில் பழைய டாக்டர்களிடம் கை தேர்ந்த கம்பவுண்டர் ஒருவர் இருந்ததை நேயர்கள் அறிவார்கள். ‘டாக்டர் வெளியூர் போனாலென்ன, கம்பவுண்டர் இருக்கிறாரே!’ என்று ஜனங்கள் தைரியமாயிருப்பார்கள் அல்லவா? ட்ரெட்வெல் அத்தகையவர், அதற்கும் ஒரு படி மேலானவர். பழக்கமும் மேற்பார்வையும் சேர்ந்தால் பட்டமில்லாத ஒருவரும் நம்பத்தக்க வைத்திய வேலை செய்ய முடியும் என்பதற்கு அவரே கண்கண்ட சாட்சியாக விளங்கினார்.

அப்படிப்பட்ட ஆட்களுக்கு எங்கே போவது? பட்டாளம் அனுப்பிக்கொண்டே இருந்தது! 1965-ம் வருஷம், கடற்படையில் வைத்திய வேலை பார்த்துத் திரும்பிய நால்வரைக் கொண்டு டாக்டர் ஸ்டெட் இரண்டு வருஷப் படிப்பொன்றை ஆரம்பித்தார். மறு வருஷம் ‘லுக்’ என்ற சித்திரப் பத்திரிகை இதைப் பற்றி எழுதவே, செய்தி தேசமெங்கும் பரவிற்று. 1967-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி விக்டர் ஜெர்மினோ, கென்னத் பெரல், ரிச்சர்ட் ஷீல் ஆகிய மூவர் தேறி வெளிவந்தார்கள். ‘பிஸிஷியன் அஸிஸ்டெண்ட்’ என்ற உத்தியோகத்தின் முதல் குழந்தைகள் இவர்களே.

தெரிந்ததும் தெரியாததும்

“இவ்வளவு தெரிந்தவனுக்கு இரண்டு வருஷப் படிப்பு எதற்கு?” என்று கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. பட்டாளத்து வைத்தியன் பார்த்த நோயாளிகள் பெரும்பாலும் இருபது வயதுக் காளைகள். குண்டடி, எலும்பு முறிவு, ஜுரம் இவை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுபது வயதுப் பாட்டியின் நீரிழிவும், கர்ப்பிணியின் ரத்தக் கொதிப்பும், கைக்குழந்தையின் வாந்திபேதியும் ரணகளத்தில் தட்டுப்படுவதில்லை. அங்கே நிமிஷத்தில் முடிவு செய்பவனே கெட்டிக்காரன். ஊரிலோ பொறுமையாக விசாரித்து, மாதக்கணக்கில் கவனித்து வருபவனே கெட்டிக்காரன். ஆகவே சுமார் ஒன்பது மாதம் பாடமும், பிறகு பதினைந்து மாதம் நோயாளிகளின் அருகிலிருந்து பெறும் பயிற்சியும் என்று படிப்பை வகுத்தார்கள். அவன் கொண்டு வந்ததைத் தூக்கி எறியவும் இல்லை. அதுவே போதும் என்று ஏமாறவும் இல்லை.

இன்னொரு குறையையும் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை? இதற்கு விடை கண்டவர் வாஷிங்டன் மாகாணத்து டாக்டர் ரிச்சர்ட் ஸ்மித். ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்தில் பணி செய்து திரும்பிய அவர், 1969-ல் ‘மெடெக்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். மாஜிப் பட்டாளத்து வைத்தியர் 15 பேர் முதலில் சேர்ந்தார்கள். சில மாதம் சர்வகலாசாலையில் படித்தபின், ஒவ்வொருவரும் நாட்டுப்புற டாக்டர் ஒருவரிடம் சுமார் ஒரு வருஷம் பழக வேண்டும். அந்த டாக்டருக்கு உதவியாளர் தேவை என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆகவே பயிற்சி முடிந்த இடத்திலேயே பிழைப்பும் காத்திருந்தது. டாக்டரே எட்டிப் பாராத ஊர்களுக்கும் வைத்தியம் போய்ச் சேர்ந்தது.

எதிர்ப்பும் ஏற்பும்

எதிர்ப்பு இல்லாமல் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது? நர்ஸுகளின் சங்கத்துக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. “வருஷக்கணக்காக நோயாளிகளைப் பார்க்கும் எங்களுக்கு மேலே இவர்களா?” என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. “பணக்காரனுக்கு டாக்டர், ஏழைக்கு அரை டாக்டரா?” என்று வேறு சிலர் கேட்டார்கள். இது அலட்சியம் செய்யத் தக்க கேள்வியல்ல. ‘அரை வைத்தியன்’ என்ற சொல்லுக்கு நம் பழமொழியிலேயே உள்ள பயங்கரத்தை நாம் அறிவோமே!

வாதத்தால் மட்டும் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஏற்பாட்டால்தான் சொல்ல முடியும். டாக்டரின் மேற்பார்வையில் இவர்கள் வேலை செய்வதற்கு 1970-களின் தொடக்கத்தில் மாகாணங்கள் சட்டம் செய்யத் தொடங்கின. 1973-ல் தேசம் முழுவதற்கும் பொதுவான பரீட்சை ஏற்பட்டது. பரீட்சையில் தேறியவனை ‘யாரோ ஒரு சிப்பாய்’ என்று ஒதுக்கிவிட முடியாதல்லவா? இன்று அந்நாட்டில் இந்த உத்தியோகத்தில் இருப்பவர்கள் 1,60,000 பேருக்கு மேல். பயிற்றுவிக்கும் இடங்கள் 300-க்கு மேல்.

ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். உத்தியோகத்தின் மதிப்பு உயர உயர, அதற்குள் நுழையும் வாசற்படியும் உயர்ந்துவிட்டது. முதலில் ஒரு கலாசாலைப் பட்டம், அதன்மேல் இன்னொரு பட்டம் என்றாயிற்று. படை வீரர்களுக்காகத் திறக்கப்பட்ட கதவில் இன்று படை வீரர்கள் மிகச் சிறு தொகையினராகவே நுழைகிறார்கள். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவனிடம் பட்டத்தைக் கேட்டால் அவன் எங்கே போவான்? இதை உணர்ந்து, மாஜி வீரர்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரிகள், பட்டாளத்து வைத்திய உதவியாளர்களை அவர்களுடைய பழைய வித்தைக்கு ஏற்ற வேலையிலேயே அமர்த்தும் ஒரு திட்டத்தை 2012-ல் தொடங்கின. வட கரோலினா சர்வகலாசாலை 2016 முதல் நடத்திவரும் படிப்பில் இவர்களுக்கெனத் தனிக் கவனம் செலுத்தப்படுகிறது.

நம் தேசத்தில்

இந்த உத்தியோகம் நமக்குப் புதிதல்ல. 1992-ல் சென்னையில், மெட்ராஸ் மெடிகல் மிஷன் ஆஸ்பத்திரியில், இருதய ரண சிகிச்சை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் இதற்கான படிப்பைத் தொடங்கி வைத்தார். 2021-ல் நமது பார்லிமெண்ட் செய்த சட்டமும் இதைச் சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் இங்கே இப்படிப்பில் சேருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வருகிறவர்கள். அமெரிக்காவில் எவனுக்காக இது பிறந்ததோ, அவன் இங்கே வரிசையிலேயே இல்லை.

நமது ராணுவ வைத்தியப் படையிலும் நர்ஸிங் உதவியாளர்கள் இருக்கிறார்கள். பனிமலை உச்சியிலும் பாலைவனத்திலும் வேலை பார்த்துவிட்டு, மற்றவர்கள் உத்தியோகத்தில் நடு வழியில் இருக்கும் வயதிலேயே ஓய்வு பெற்று வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் கிராமங்கள் வேலூர்ப் பக்கத்தில் உண்டு. அங்கே அப்படித் திரும்பி வந்தவர் ஒருவர் ஏதேனும் ஒரு கட்டிடத்து வாசலில் காவல்காரராக உட்கார்ந்திருந்தால், அவர் காவல் காப்பது கட்டிடத்தை. தேசம் இழப்பது ஒரு வைத்தியக் கையை.

அவருக்குத் தெரிந்ததைப் பரீட்சித்து ஒப்புக்கொள்ள வேண்டும். தெரியாததைக் கற்பிக்க வேண்டும். கற்றபின் அமர ஓர் இடம் காட்ட வேண்டும். இம்மூன்றும் பெரும் பணச் செலவுள்ள காரியங்களல்ல. டாக்டர் ஸ்டெட் தொடங்கியபோது அவரிடம் இருந்த மாணாக்கர் நான்கே பேர்.