கடலில் மூழ்கிய தீவுகள்!
மீனுமல்ல, மாடுமல்ல: கடல் பசு

மாலை நேரத்தில் காயல்பட்டினம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடுவார்கள். மணலில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். அவர்கள் எதிரே விரிந்து கிடப்பதுதான் மன்னார் வளைகுடா.

காயல்பட்டினத்துக்கு வடக்கே, புன்னைக்காயலில் தாமிரபரணி ஆறு இந்தக் கடலில் கலக்கிறது. அதற்கும் வடக்கே, தூத்துக்குடியில் இருந்து ராமேசுவரம் வரை, 21 சிறு தீவுகள் வரிசையாக இருந்தன.

இன்று தலை தூக்கி நிற்பவை 19தான்! பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற 2 தீவுகள் கடலில் மூழ்கி விட்டன.

ஏன் மூழ்கின?

இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. பவளப்பாறை வெறும் கல் அல்ல. கடுகளவு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிக் கட்டிய வீடு! அலையின் வேகத்தைத் தடுக்கும் மதில் சுவரும் அதுதான்.

அந்தச் சுவரை மனிதன் உடைத்தான். சுண்ணாம்புக்காகவும், கட்டிடக் கல்லுக்காகவும் படகு படகாக வெட்டி எடுத்தான். அலை நேராக மோதியது. மணல் கரைந்தது.

2001-ம் ஆண்டில் பவளப்பாறைகள் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. இப்போது அவற்றை வெட்டுவது குற்றம்.

கடலில் மேயும் பசு

தீவுகளின் அருகே, ஆழம் குறைந்த இடங்களில் கடல் புல் வளர்கிறது. அதை மேய வருகிறது ஓர் அபூர்வப் பிராணி. அதுதான் கடல் பசு. மீனவர்கள் "ஆவுளியா" என்பார்கள்.

அது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். நீளம் சுமார் 10 அடி. எடை 400 கிலோ வரை இருக்கும். யானைக்குத் தூரத்து உறவு! சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சு விட மேலே வரும். அப்போதுதான் அதைப் பார்க்க முடியும். மூக்கு மட்டும் தெரியும். மறு நொடியில் மறைந்து விடும்.

ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். வலையில் சிக்கி ஒன்று இறந்தாலும் பெரிய நஷ்டம். இதற்காகவே 2022-ம் ஆண்டில் தமிழக அரசு பாக் விரிகுடாப் பகுதியில், 448 சதுர கிலோ மீட்டர் பரப்பில், கடல் பசு பாதுகாப்பகம் அமைத்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய கடல் பசுவை விடுவித்த மீனவர்களுக்குப் பரிசும் கிடைத்திருக்கிறது.

பிழைத்த தீவு

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் கரைந்து கொண்டே வந்தது. 2015-ம் ஆண்டு முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். அலையின் வேகம் அடங்கியது. மணல் மீண்டும் சேர்ந்தது. மீன்களும் வந்தன!

இந்தத் தீவுகள் 1986-ம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. ஆனால், கடலில் துள்ளும் ஓங்கலையும், கரையில் இரை தேடும் உப்புக்கொத்தியையும் பார்க்கக் கட்டணம் இல்லை.

பிளாஸ்டிக் பையையும், அறுந்த வலையையும் கடலில் போடாதீர்கள். கடல் ஆமைக்கு அதுவே எமன்!