பெயரில்லாத நால்வர்

அரசுக் கட்டடங்களை ஒட்டிய பொதுவெளிகளில் நிற்கும் சிலைகள் பெரும்பாலும் ஆட்சியாளரையோ தலைவரையோ நினைவூட்டுவன. சென்னைத் தீவுத்திடலருகே 1839இல் நிறுவப்பெற்ற ஆளுநர் தாமஸ் மன்றோவின் சிலை அவ்வகையது. உயர்ந்த பீடத்தின்மேல் குதிரையில் அமர்ந்திருக்கும் அவரை அண்ணாந்துதான் காணவேண்டும்.

அதே நகரில், பல்கலைக்கழகமும் அரசு அலுவலகங்களும் வரிசையாக அமைந்த காமராசர் சாலையில், கடலோரமாக 1959 சனவரி 25 அன்று திறக்கப்பெற்றது உழைப்பாளர் சிலை. இதனை உருவாக்கியவர், சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பெரும்பாறையொன்றை நகர்த்த முனையும் நால்வரை அவர் வெண்கலத்தில் வடித்தார். அவர்களுள் எவர்க்கும் பெயர் இல்லை. முகங்களைவிட, வளைந்த முதுகுகளும் முறுக்கேறிய தோள்களுமே பேசுகின்றன. நால்வரின் வலிமையும் பாறையை நோக்கியே குவிவதால், சாலையின் மறுபுறம் நின்று காண்பவருக்கும் அதன் எடை புலனாகும். 'உழைப்பின் வெற்றி' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் இதற்கு உண்டு. எனினும் சிற்பி காட்டுவது வெற்றியை அன்று; பாறை அசைவதற்கு முந்தைய கணத்தையே.

இடமும் பொருத்தமானது. இந்தியாவில் முதன்முதலாகச் சிங்காரவேலர் 1923 மே 1 அன்று மே நாள் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். இன்று அவ்வழியே செல்லும் பேருந்துகளில் 'உழைப்பாளர் சிலை' என்பது ஒரு நிறுத்தத்தின் பெயர்.