ஆளைத் தள்ளும் அரை விநாடி

2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய பிறகும், அந்தமானுக்குப் போகும் பலருக்கு ஹேவ்லாக் இன்னமும் ஹேவ்லாக்தான். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பெரும்பாலோர் அங்கே கடல் வழியாகவே போகிறார்கள். அவசரக்காரர்களுக்கு இரட்டை உடல் கொண்ட 'கேட்டமரான்' படகுகள் இருக்கின்றன. பெயர் நம் கட்டுமரம் கொடுத்தது. வேகம் எஞ்சின் கொடுத்தது.

இத்தகைய படகு 24 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 44 கி.மீ.; அதாவது விநாடிக்குச் சுமார் 12 மீட்டர். புதிதாக ஏறுபவர்களுக்கு பயமெல்லாம் இந்த வேகத்தின் மீதுதான். ஆனால் சீராக இருக்கும்வரை வேகம் யாரையும் கீழே தள்ளுவதில்லை. தள்ளுவது வேகத்தில் ஏற்படும் மாற்றம். அதை அளப்பதுதான் சராசரி முடுக்கம்.

கணக்கு எளிது. இறுதி வேகத்திலிருந்து தொடக்க வேகத்தைக் கழித்து, மாற்றத்துக்கு ஆன நேரத்தால் வகுக்க வேண்டும். நின்றிருந்த படகு 60 விநாடியில் 12 மீட்டர் வேகத்தை எட்டினால் 12ஐ 60ஆல் வகுக்க, 0.2. ஒவ்வொரு விநாடியும் வேகம் 0.2 மீட்டர் கூடுகிறது என்று பொருள். கோப்பையிலிருக்கும் தேநீர்கூடச் சிந்தாது.

ஹேவ்லாக்கை நெருங்கும்போது இரண்டு நிமிடத்தில் படகு வேகத்தைக் குறைத்தால் விடை 0.1, வேகம் குறைவதால் முன்னால் கழித்தல் குறி. இதுவும் உடம்புக்குத் தெரியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், பொடிநடையைவிட மெதுவாக, படகு ஜெட்டியில் தொங்கும் டயர்கள் மீது மோதி அரை விநாடியில் நிற்கிறது. 0.5ஐ 0.5ஆல் வகுத்தால் 1. நடுக்கடல் வேகத்தைக் குறைத்ததைப்போலப் பத்து மடங்கு! படகு நின்றுவிடும், பையும் கையுமாக எழுந்து நிற்பவரின் உடம்பு நிற்காது.

சராசரிக்கு உள்ள குறையும் இதுதான். இரண்டு நிமிடத்தோடு அந்த அரை விநாடியையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை மறுபடி 0.1தான். மோதல் இருந்த இடமே தெரியாது. எந்த நேரத்துக்கான சராசரி என்று கேட்டால்தான் ஆபத்து வெளிப்படும்.

கயிறு கட்டும்வரை இருக்கையில் இருங்கள் என்று படகு ஊழியர்கள் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது.