ஊசிவழிப் போதைப்பொருள் பயன்பாட்டாளரின் மதுப்பழக்கமும் எச்.ஐ.வி இடரும்

ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடம் காணப்படும் மதுப்பழக்கம், அவர்களுக்கு எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பைக் கூட்டும் காரணிகளுள் ஒன்றாகும். மது இத்தீநுண்மியைக் கடத்துவதில்லை. குருதி படிந்த ஊசியும் ஆணுறையற்ற உடலுறவுமே கடத்துகின்றன. எனினும், இவற்றின் தீமையை நன்கு அறிந்தவரும் போதையில் எச்சரிக்கையைக் கைவிட நேர்கிறது.

செயற்படும் விதம்

மது அருந்தியவரின் கவனம் உடனடித் தூண்டல்களில் நிற்கிறது, பின்விளைவுகள் மங்கிவிடுகின்றன. உளவியலாளர்கள் குளோட் ஸ்டீல், இராபர்ட் ஜோசப்ஸ் ஆகியோர் 1990 இல் இந்நிலையை ஒருவகைக் கிட்டப்பார்வையாக விளக்கினர். புதிய ஊசி வாங்கச் சற்றுத் தொலைவு நடக்க வேண்டும், அருகில் இருப்பவரிடம் பயன்படுத்திய ஊசி உள்ளது என்னும் நிலையில் இதன் பொருள் தெளிவாகும். ஊசியைப் பகிராதவர்கூடப் போதைப்பொருளைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, நீர் ஆகியவற்றைப் பகிர்வதுண்டு. இவற்றின் வழியாகவும் குருதி கலக்கக்கூடும்.

தொற்றுக்கு அப்பால் வேறோர் ஆபத்தும் உண்டு. எரோயின், மது இரண்டுமே மூச்சியக்கத்தைத் தாழ்த்துபவை. தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் ஒன்றுசேரும்போது உயிரிழப்பு ஏற்படலாம்.

மணிப்பூர்

மியான்மர் எல்லையை ஒட்டிய இந்திய மாநிலமான மணிப்பூரில் 1980களில் எரோயின் ஊசிப் பழக்கம் பரவியது. அப்பத்தாண்டின் இறுதியில் ஊசி பயன்படுத்துவோரிடையே எச்.ஐ.வி கண்டறியப்பட்டு, மிக விரைவாகப் பெருகியது. அம்மாநிலத்தில் 1991 இல் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2023 இல் அது பகுதியளவு தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்திலும் உள்ளூரில் காய்ச்சிய மது விற்கப்பட்டே வந்தது. குடிப்பதே குற்றமாகும் இடத்தில், ஊசி, மது ஆகிய இரு பழக்கங்களையும் மருத்துவப் பணியாளரிடம் ஒருவர் ஒப்புக்கொள்வது எளிதன்று.

சிகிச்சையில் மதுவின் தாக்கம்

எச்.ஐ.விக்கான கூட்டு மருந்துகளை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மது மறதியை உண்டாக்குவது ஒருபுறமிருக்க, "குடித்த நாளில் மாத்திரை போட்டால் நஞ்சாகிவிடும்" என்னும் நம்பிக்கையால் வேண்டுமென்றே மாத்திரையைத் தவிர்ப்போரும் உள்ளனர். பொதுவாக, குடித்ததைவிட மாத்திரையை விடுவதே கூடுதல் தீங்கு தரும். விட்டுவிட்டு உட்கொண்டால் தீநுண்மி மீண்டும் பெருகி, மருந்துக்கு எதிர்ப்பாற்றலையும் பெறலாம். ஊசி பகிர்வோரிடம் மிகுதியாகக் காணப்படும் கல்லீரல் அழற்சி சி நோயையும் மது விரைவுபடுத்துகிறது.

மதுவிலிருந்து மீட்கப் பயன்படும் நால்ட்ரெக்சோன், அபினி வகைப் பொருட்களின் வினையைத் தடுப்பது. எனவே எரோயினுக்கு மாற்றாக மெத்தடோன் அல்லது புப்ரினார்பின் பெறுபவருக்கு இதை அளித்தால் கடுமையான விலகல் துன்பம் தோன்றும். அத்தகையோருக்குக் கலந்துரையாடல் வழிச் சிகிச்சை முதன்மை பெறுகிறது. அதற்கு முன் மதுப்பழக்கத்தின் அளவை அறிய, உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 10 வினாக்கள் கொண்ட ஆடிட் படிவம் பயன்படுகிறது. இதில் 40க்கு 8 அல்லது அதற்கு மேல் பெறுவது தீங்கான குடியின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது.