காற்றின் கடைமடை

கடைமடை விவசாயிக்கு ஒரு கணக்கு தெரியும். மேலே இருக்கிற ஒவ்வொருவரும் 'நான் எடுத்தது கொஞ்சந்தான்' என்பார். அது பொய்யுமில்லை. ஆனாலும் கடைசி வயலுக்குத் தண்ணி வராது. அனல்மின் நிலையப் புகைக்குத் தரப்படும் அனுமதியை எதிர்த்து ஜனங்கள் போடுகிற வழக்குகளைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும் என்பது என் அபிப்பிராயம்.

அனுமதி என்பதும் ஒரு பிரதிதான். தமிழ் படித்தவன் அதை அப்படித்தான் வாசிக்க முடியும். நிலக்கரி எரிக்கும் நிலையத்துக்கு இருவகைத் தாள்கள் வேண்டும். ஒன்று, 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்புக்குப் பின் மத்திய அமைச்சகம் தரும் சுற்றுச்சூழல் அனுமதி. மற்றது, 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவு.  ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனித்தனி வானம் இருப்பது போன்ற பாவனையில் எழுதப்படும் பிரதிகள் இவை. பக்கத்தில் நாளை வரப்போகிற ஆலைக்கு அதில் இடமிருக்காது.

இந்தப் பாவனையை ஒரு வழக்கு கலைத்தது. டெல்டாவின் வடக்கு விளிம்பைத் தாண்டி, பரங்கிப்பேட்டைக்கு அருகே 3600 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு 2010 மே 31இல் அனுமதி தரப்பட்டது. அதை எதிர்த்து மேல்முறையீடு போனது. ஒரு பக்கம் நெய்வேலி, இன்னொரு பக்கம் கடலூர் சிப்காட். சுற்றியுள்ளவற்றோடு சேர்த்து ஒட்டுமொத்தத் தாக்கத்தை ஆராய்ந்து, அனுமதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2012 மே 23இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அமைச்சகம் பிறகு மறுபடியும் அனுமதி தந்தது, அதுவும் வழக்கானது. இன்று அங்கே 600 மெகாவாட் அலகுகள் இரண்டு நிற்கின்றன.

'அப்ப என்னத்த ஜெயிச்சாங்க?' என்று ஒரத்தநாட்டு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தனித்தனியாகப் பார்க்காதே, கூட்டிப் பார் என்ற கடைமடைக்காரரின் வாதம் தீர்ப்பில் ஏறியது. அடுத்த வழக்குக்கு அது கையிருப்பு.

ஆனால் வழக்கின் வாசல் குறுகல். அனுமதி வெளியான 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்; தக்க காரணமிருந்தால் மேலும் 60 நாள். அதற்குப் பின் கதவு சாத்தப்படும். தாக்க அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கம் இங்கிலீஷ். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். வாசிக்க முடியாத பிரதியை எதிர்த்து வாதாடச் சொல்கிறார்கள்.

2023இல் ஒரத்தநாட்டுப் பக்கம் வடசேரி நிலக்கரித் தொகுதி ஏலப் பட்டியலில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்கள். மண்ணைத் தோண்டினால் கண்ணுக்குத் தெரிகிறது. காற்றுக்கு அந்த வசதியில்லை. 2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வைத்தார்கள். கெடுவைத் தள்ளித்தள்ளிப் போட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். பெருநகரத்துக்கோ கடுமையாக மாசுபட்ட இடத்துக்கோ பக்கத்தில் இல்லாதவை அவை. புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் சரி. உயரம் கூடினால் புகை தூரம் போகும். போய்ச் சேருகிற இடத்திலும் நாற்றங்காலும் நுரையீரலும் இருக்கின்றன.

ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'இதோட சேத்து இன்னும் எத்தனை?' பதிலைப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மேல்முறையீட்டில் அது பேசும்.