கணனிக்குள் ஓடும் நீர்

மின்சாரத்தையும் நீரையும் ஒன்றையொன்று அண்டவிடக் கூடாதென்பது சிறு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கப்படும் பாடமாகும். ஈரக் கையுடன் ஆளியைத் தொடாதே என்று தாய்மார் அதட்டும் குரல் இன்றும் எமது வீடுகளில் கேட்கின்றது. அவ்வாறிருக்க, பல இலட்சம் ரூபா பெறுமதியான கணனியொன்றினுள் குழாய்களைப் பொருத்தி, நீரை நிரப்பி, அதனைத் தாய்ப்பலகைக்குச் சற்று மேலாக ஓடவிடப் போவதாக மகன் கூறும்போது பெற்றோர் திகைப்பதில் வியப்பில்லை. கணனி விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட இளைஞர் மத்தியில் இந்த நீர்க்குளிரூட்டல் முறை ஒரு மோகமாகவே வளர்ந்துள்ளது. இது வெறும் ஆடம்பரமா, அன்றி இதற்கு அறிவியல் ரீதியான தேவை ஏதும் உண்டா என்பதைப் பணத்தைச் செலவிடும் முன்னரே விளங்கிக் கொள்வது நல்லது.

கணனி உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. 1993 இல் வெளிவந்த முதலாவது பென்டியம் சில்லு சுமார் 15 வாற் வலுவையே உட்கொண்டது. 2004 இல் பென்டியம் 4 வரிசையின் வேகமான சில்லுகள் 100 வாற்றைத் தாண்டின. அவ்வாண்டின் ஒக்டோபரில், 4 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் வெளியிடப்படவிருந்த சில்லினை இன்டெல் நிறுவனம் கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட வெப்பத்தை அடக்க முடியாதென்பது அப்போது உலகறிந்த விடயமாயிற்று. சில்லொன்றின் வேகத்தை உயர்த்துவதற்குப் பெரும்பாலும் அதன் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். வலுவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறும். ஆகையால் சிறிதளவு வேகத்திற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிது. 2023 இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ9-14900கே சில்லு உச்சச் சுமையில் 253 வாற் வரை உட்கொள்கின்றது. 2025 இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5090 வரைவியல் அட்டைக்குக் குறிக்கப்பட்டுள்ள வலு 575 வாற் ஆகும். இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் இயங்குமாயின் அது கிட்டத்தட்ட ஒரு மின் அழுத்திக்குச் (சட்டை தேய்க்கும் பெட்டிக்குச்) சமமானதே.

நீரால் குளிர்விக்கும் எண்ணம் விளையாட்டுப் பிரியர்கள் கண்டுபிடித்ததன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960 களிலேயே தனது பெருங்கணனிகளில் நீரைப் பயன்படுத்தியது. 1985 இல் வெளிவந்த கிரே-2 மீக்கணனியில் மின்சுற்றுகள் முழுவதும் மின்கடத்தாத திரவமொன்றினுள் அமிழ்த்தப்பட்டிருந்தன. வீட்டுக் கணனிக்கு இது இறங்கி வந்தது 1990 களின் இறுதியிலேயாகும். 1998 இல் வந்த செலரோன் 300ஏ என்ற மலிவான சில்லினை 300 இலிருந்து 450 மெகாஹேர்ட்ஸ் வரை முடுக்க முடியுமென்று கண்டுகொண்ட தலைமுறையினரே இதற்கு வித்திட்டவர்கள். பழைய மோட்டார் வாகனங்களின் சூடாக்கியிலிருந்து கழற்றிய ரேடியேற்றர், மீன் தொட்டிக்கு விற்கப்படும் பம்பி, கையால் துளையிட்ட செம்புக் கட்டி ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் தமது தொகுதிகளை உருவாக்கினர். இன்று கடையில் அழகிய பெட்டியில் வாங்கப்படும் உபகரணங்களின் மூதாதையர் இவையே. தற்போது காலம் மறுபடி சுழன்று, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களும் நீரையே நாடுகின்றன. 2024 இல் என்விடியா அறிவித்த, 72 சில்லுகளைக் கொண்ட அடுக்கு ஒன்று மாத்திரம் சுமார் 120 கிலோவாற் வலுவை உட்கொள்கின்றது. அதனைக் காற்றால் குளிர்விப்பது நடைமுறைச் சாத்தியமன்று.

நீருக்கு ஏன் இந்த மதிப்பு? ஒரே கனவளவு காற்றையும் நீரையும் எடுத்துக்கொண்டால், ஒரு பாகை சூடேறுவதற்கு நீர் காற்றைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கின்றது. நிமிடத்திற்கு மூன்று லீற்றர் நீர் ஓடும் தொகுதியில் 600 வாற் வெப்பம் சேர்ந்தாலும், உட்புகும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையிலான வேறுபாடு 3 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். நெல்லிக்காயளவு இடத்தில் பிறக்கும் வெப்பத்தை அள்ளிச் சென்று, அகன்ற ரேடியேற்றரில் பரப்பி, மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிகளிடம் ஒப்படைப்பதே நீரின் பணி. நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. இதன் உண்மையான ஆதாயம் அமைதியே. அதிவேகமாகச் சுழலும் சிறு விசிறிகளின் இரைச்சல் இல்லாமற் போகின்றது.

இங்கே தான் பலரும் ஏமாறுகின்றனர். நீர்க்குளிரூட்டல் அறையையும் குளிர்விக்கும் என்ற எண்ணம் முற்றிலும் தவறானது. 600 வாற் உட்கொள்ளும் கணனி, காற்றால் குளிர்விக்கப்பட்டாலும் நீரால் குளிர்விக்கப்பட்டாலும் அறைக்குள் 600 வாற் வெப்பத்தையே கொட்டும். படுக்கையறைக்குப் பொருத்தப்படும் 9,000 பி.டி.யூ. குளிரூட்டியின் திறனில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு இதனை ஈடுசெய்யவே போய்விடும். தினமும் நான்கு மணித்தியாலம் விளையாடினால் மாதத்திற்கு 72 மின் அலகுகள் செலவாகும். எமது மின் பட்டியல் அடுக்கடுக்காக ஏறுவது என்பதால் அந்த 72 அலகுகள் மேலடுக்கின் விலையிலேயே கணக்கிடப்படும். அத்துடன் ரேடியேற்றரால் நீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல முடியாது. நன்கமைந்த தொகுதியில் நீர் அறையை விடச் சுமார் 10 பாகை கூடுதலாக இருக்கும். ஐரோப்பாவில் 20 பாகை அறையில் 30 பாகையில் ஓடும் நீர், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ 32 பாகை அறையில் 42 பாகையில் ஓடும். எனவே குளிர் நாடுகளில் எழுதப்பட்ட அளவுகளை அப்படியே பின்பற்றாது, இங்கு ரேடியேற்றரின் பரப்பைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். சாதாரண பாவனைக்கும் நடுத்தர வரைவியல் அட்டைக்கும் நல்லதொரு காற்றுக் குளிர்விப்பானே போதுமென்பது எமது கருத்து.

இருப்பினும் செய்தே தீருவதென்று முடிவெடுத்தவர்கள் உலோகத்தில் கவனமாயிருக்க வேண்டும். சில்லின் மீது அமரும் நீர்க்கட்டி செம்பாலானது. பணத்தை மிச்சப்படுத்தும் நோக்கில் அலுமினிய ரேடியேற்றரை அதனுடன் இணைத்தால், ஒரே நீரில் தோய்ந்த இரு வேறு உலோகங்கள் ஒரு மின்கலமாகவே தொழிற்படும். அலுமினியம் அரிக்கப்பட்டு, அதன் துகள்கள் நீர்க்கட்டியின் மயிரிழை போன்ற கால்வாய்களை அடைக்கும். பாடசாலை இரசாயனவியலில் படித்த தொடர் இங்கு பணத்தைத் தின்கின்றது. செம்பு அல்லது பித்தளை ரேடியேற்றரே உகந்தது.

அடுத்தது நீர். குழாய் நீரோ கிணற்று நீரோ கூடவே கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைச் சில மாதம் கொதிக்கவைத்த கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த வெண்படிவு நீர்க்கட்டிக்குள் படிந்தால் வெப்பம் கடத்தப்படாது. காய்ச்சி வடித்த நீருடன் அரிப்பைத் தடுக்கும் சேர்மானமும் பாசியைத் தடுக்கும் சேர்மானமும் கலந்தே பயன்படுத்த வேண்டும். தூய நீர் மின்னை அரிதாகவே கடத்தும் என்பது உண்மையாயினும், சில வாரங்களில் அது உலோக அயன்களைச் சேர்த்துக்கொண்டு கடத்தியாக மாறிவிடும். ஆகவே 'கசிந்தாலும் ஆபத்தில்லை' என்ற விற்பனையாளர் பேச்சை நம்புவதற்கில்லை. நீரை ஆண்டுக்கொரு தடவையாவது மாற்றுவதும் அவசியம். நிறமூட்டிய, பால் போன்ற திரவங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு வனப்பூட்டினாலும் அவற்றின் துகள்கள் நாளடைவில் கால்வாய்களில் தேங்குகின்றன.

கசிவே பெரிய அச்சம். 2004 இல் அப்பிள் நிறுவனம் தனது பவர் மெக் ஜி5 கணனியின் வேகமான மாதிரியைத் திரவக் குளிரூட்டலுடன் வெளியிட்டது. ஆண்டுகள் செல்ல அவற்றுட் சில கசிந்து உள்ளுறுப்புகளைப் பாழாக்கின. பெரும் நிறுவனத்திற்கே நேர்ந்தது தனியொருவருக்கு நேராதென்று சொல்ல முடியாது. எனவே தொகுதியைப் பூட்டி முடித்ததும் கணனிக்கு மின் வழங்கக் கூடாது. மின்வழங்கியிலிருந்து பம்பிக்கு மாத்திரம் இணைப்புக் கொடுத்து, தாய்ப்பலகை, வரைவியல் அட்டை ஆகியவற்றின் இணைப்புகள் அனைத்தையும் கழற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டின் கீழும் வெள்ளைக் கடதாசியை விரித்து, நீரை ஓடவிட்டு, குமிழிகள் வெளியேறும் வண்ணம் பெட்டியை மெல்லச் சரித்துச் சரித்து வைக்க வேண்டும். பின்னர் 24 மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும். கையில் புதிய கணனியை வைத்துக்கொண்டு ஒரு நாள் காத்திருப்பது இளைஞர்களுக்கு எளிதன்று. மறுநாள் கடதாசியில் ஒரு துளி ஈரம் தென்பட்டாலும் அந்த மூட்டைக் கழற்றி, வளையத்தை மாற்றி, முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். கடதாசி உலர்ந்திருந்தால் மாத்திரமே தாய்ப்பலகைக்கு மின் இணைப்பைக் கொடுக்கலாம்.